நரம்பை வளர்க்கும் புரதம் இன்சுலினைச் சுரக்க வைக்குமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 46. விசுவமடுப் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு 52 வயது, வயல் செய்கிறார். ஏழு வருடமாக அவருக்கு நீரிழிவு. மெற்போமினும் இன்னொரு குளிசையும் எடுத்து வந்தார். போன கிளினிக்கில் வெறுவயிற்றுச் சீனி 246, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி 10.4 என்று கொப்பியில் எழுதி, இனி இன்சுலின் ஊசி தொடங்க வேண்டும் என்றார்கள். பாதம் இரண்டும் எரிகிறது, இரவில் மரத்துப் போகிறது என்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி இதைக் கேள்விப்பட்டு ஒரு காணொளியும் இரண்டு போத்தல் கப்சூலும் அனுப்பினான். ‘நரம்பு வளர்ச்சிப் புரதம்’ என்று ஒன்று உண்டாம். அது கூடினால் சதையி மறுபடி இன்சுலின் சுரக்குமாம், செத்த நரம்பும் வளருமாம். மூன்று கிழமையாகக் கணவர் அதை மட்டும்தான் எடுக்கிறார். கிளினிக் போகவில்லை. நரம்புக்கும் இன்சுலினுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? தம்பியின் மனத்தை நோகடிக்கவும் எனக்கு விருப்பம் இல்லை. போத்தலில் உள்ளதைப் பார்த்து எழுதுகிறேன்: காளான் சாறு, வைற்றமின் பி12, மஞ்சள், மிளகு.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இந்த முதல் பந்தியை இன்றைக்கே உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மிச்சத்தை ஆறுதலாகப் படிக்கலாம். வெறுவயிற்றில் 246 என்பது குளிசை எடுத்துக்கொண்டிருந்தபோது வந்த அளவு. அந்தக் குளிசைகளும் இல்லாமல் மூன்று கிழமை போயிருக்கிறது. அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை கொப்பியையும் அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். யாராவது ஏசினால் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுநோ, மூச்சு வாங்குதல், பேச்சுக் குழறும் அளவுக்கு அசதி என்று ஏதாவது கண்டால் விடியும்வரை பார்த்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. தொடர்பு உண்டு. உங்கள் தம்பி பார்த்த காணொளி முழுப் பொய்யில் கட்டப்பட்டது அல்ல. அதன் அடியில் ஓர் உண்மை கிடக்கிறது, அதுவும் அழகான உண்மை. அதை விளங்கிக்கொண்டால்தான் கப்சூல் ஏன் உதவாது என்பதும் விளங்கும்.

அந்தப் புரதத்தின் பெயர் நரம்பு வளர்ச்சிக் காரணி. அதைக் கண்டறிந்தவர் ரீட்டா லெவி-மொன்டால்சினி என்ற இத்தாலியப் பெண் வைத்தியர். 1909இல் தூரின் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938இல் முசோலினியின் இனச் சட்டம் யூதர்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றியது. அவர் தன் படுக்கையறையில் ஒரு நுணுக்குக்காட்டியை வைத்து, தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவியாக்கி, கோழி முட்டைக்குள் வளரும் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போரில் நகரத்தில் குண்டு விழத் தொடங்கியதும் குடும்பம் நாட்டுப்புறத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கேயும் விடவில்லை. சைக்கிளில் வீடு வீடாகப் போய் முட்டை வாங்கி வந்தார். பிறகு புளோரன்ஸ் நகரில் ஒளிந்திருந்தார். போர் அங்கே ஓய்ந்தபின் அகதி முகாமில் வைத்தியம் பார்த்தார். பதுங்குகுழிக்குள் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளை இந்த மண்ணில் பார்த்தவன் நான். இந்த அம்மாவின் கதையை எங்கே சொல்ல நேர்ந்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

1947இல் அமெரிக்காவுக்குப் போனார். எலியின் கட்டித் துண்டு ஒன்றைக் கோழிக்கருவின் நரம்புக் கணுவுக்குப் பக்கத்தில் வைத்தபோது, அந்தக் கணுவிலிருந்து சூரியக் கதிர் போல நார்கள் சுற்றிலும் முளைத்து வந்ததைக் கண்டார். கட்டியிலிருந்து ஏதோ கசிந்து நரம்பை இழுக்கிறது. அது எது என்று தேட அவரோடு சேர்ந்தவர் ஸ்டான்லி கோஹன் என்ற உயிர் இரசாயனவியலாளர். சாற்றைத் தூய்மைப்படுத்துவதற்காகப் பாம்பு விஷத்தைச் சேர்த்துப் பார்த்தபோது, விஷத்துக்குள்ளேயே அந்தப் பொருள் கட்டியில் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. பிறகு ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் ஏராளமாகக் கிடைத்தது. 1986இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நொபெல் பரிசு கிடைத்தது.

இந்தப் புரதம் சதையிக்கு எப்படி வந்தது? சதையிக்குள் ஏறத்தாழ பத்து லட்சம் சிறுதீவுகள் சிதறிக் கிடக்கின்றன. 1869இல் பேர்லினில் மாணவராக இருந்த போல் லாங்கர்ஹான்ஸ் அவற்றை முதலில் கண்டார். அந்தத் தீவுகளில் உள்ள பீட்டாக் கலங்கள்தான் இன்சுலின் என்ற ஓமோனைச் செய்கின்றன. செய்த உடனே வெளியே விடுவதில்லை. நுண்ணிய மணிகளாகக் கட்டிக் கலத்துக்குள் சேமித்து வைக்கின்றன. நாம் சாப்பிட்டு இரத்தத்தில் சீனி ஏறியதும் அந்த மணிகள் கலத்தின் ஓரத்துக்கு வந்து வெடித்து இன்சுலினை இரத்தத்தில் கொட்டுகின்றன. சுகதேகிக்கு முதல் பத்து நிமிடத்தில் ஒரு வேகமான பாய்ச்சல் வரும், பிறகு மெதுவான ஓட்டம் நீடிக்கும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரும் இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் கெடுவது அந்தப் பாய்ச்சல்தான்.

வயல்காரர் வீட்டில் துருசைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. குளத்தில் தண்ணீர் நிற்கிறது, துருசையும் திறந்தாயிற்று. ஆனால் வாயில் சல்வீனியாவும் சருகும் வலைபோல அடைந்து கிடந்தால் வாய்க்காலுக்கு எவ்வளவு வரும்? பீட்டாக் கலத்தின் உள்ளோரத்திலும் அப்படி ஒரு வலை இருக்கிறது. அக்டின் என்ற புரத இழைகளால் ஆனது. அது தளர்ந்தால்தான் இன்சுலின் மணிகள் ஓரத்துக்கு வர முடியும்.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரெஜி குருவிலாவின் ஆய்வுக்கூடம் 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. கரு வளரும் காலத்தில் நரம்பு வளர்ச்சிக் காரணி நரம்புகளைச் சதையிக்குள் அழைத்து வருகிறது. சரி, நரம்பு வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும், வளர்ந்த உடம்பில், சதையியின் இரத்தக்குழாய்கள் ஏன் அதே புரதத்தைச் செய்துகொண்டே இருக்கின்றன? தேடிப் பார்த்தபோது, அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் வாங்கி பீட்டாக் கலத்தின் மேலேயே இருந்தது. இரத்தத்தில் சீனி ஏறியதும் இரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து புரதம் வேகமாக வெளிவருகிறது. பக்கத்தில் இருக்கும் பீட்டாக் கலத்தின் வாங்கி அதைப் பிடித்துக் கலத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. உள்ளே போன வாங்கி அக்டின் வலையைத் தளர்த்துகிறது. மணிகள் ஓரத்துக்கு நகர்ந்து இன்சுலின் கொட்டுகிறது. இந்தப் புரதத்தையோ வாங்கியையோ அந்த இடத்தில் நீக்கிய எலிகளுக்கு இன்சுலின் குறைவாகச் சுரந்தது, சீனியைச் சமாளிக்க முடியவில்லை. மனிதச் சிறுதீவுகளுக்கு ஆய்வுக்கூடத்தில் இந்தப் புரதத்தைக் கொடுத்தபோது, சீனி ஏறும்போது அவை விடும் இன்சுலின் கூடியது. நரம்புக்கு என்று நினைத்திருந்த ஒரு புரதம், நரம்பே நடுவில் இல்லாமல் ஓர் ஓமோன் சுரப்பை நடத்துகிறது. நான் மருத்துவம் படித்த காலத்தில் எங்கள் புத்தகத்தில் இல்லாத செய்தி இது.

காணொளிக்காரர் இதுவரை சொன்னது சரி. இதற்கு அப்பால் அவர் பாய்ந்த பாய்ச்சல்தான் தவறு.

இது புரதம். விழுங்கினால் இரைப்பையும் குடலும் அதை முட்டையை, மீனைச் சமிபாடடையச் செய்வதுபோல அறுத்துத் துண்டாக்கிவிடும். இன்சுலினும் புரதம்தான், அதனால்தான் அதை ஊசியாகப் போடுகிறோம். உங்கள் போத்தலில் அந்தப் புரதம் இல்லவே இல்லை என்பதை நீங்கள் பார்த்து எழுதிய வரியே சொல்கிறது. இருப்பது காளான் சாறு. சிங்கப்பிடரி போல வெள்ளையாகத் தொங்கும் ஒரு காளான் உண்டு. அதன் சில பொருள்கள் ஆய்வுக்கூடக் கலங்களிலும் எலிகளிலும் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கூட்டியதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. இத்தகைய கப்சூல்களில் பெரும்பாலும் அடைத்து விற்பது அதைத்தான். ஆனால் கிண்ணத்தில் உள்ள கலத்துக்கும், ஏழு வருட நீரிழிவோடு வெயிலில் வரம்பு கட்டும் மனிதருக்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. இன்சுலினுக்குப் பதிலாக அந்தக் காளானைக் கொடுக்கலாம் என்று காட்டிய மருத்துவச் சான்று எதுவும் கிடையாது.

ஊசியாகவே கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்தார்கள். நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்ட 1019 பேரை வைத்து, கிழமைக்கு மூன்று ஊசியாக 48 கிழமை நடத்திய பெரிய பரிசோதனையின் முடிவு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. வெறும் மருந்தற்ற ஊசி போட்டவர்களைவிட அவர்களுக்குப் பெரிய நன்மை எதுவும் வரவில்லை. ஊசி போட்ட இடத்தில் வலிதான் கூடியது. இந்தப் புரதம் வலியைக் கடத்தும் நரம்புகளைத் தூண்டிவிடுவது. அதனாலேயே மூட்டு வலிக்கு இதை முடக்கும் மருந்தொன்றை உருவாக்கிப் பார்த்தார்கள். வலி குறைந்தது, ஆனால் சிலருக்கு மூட்டே விரைவாகச் சிதைந்ததால் 2021இல் அதையும் கைவிட்டார்கள். கூட்டினாலும் ஆபத்து, குறைத்தாலும் ஆபத்து. கண்ணின் கருவிழி நரம்பு கெட்டுப் புண்ணாகும் ஒரு நோய்க்கு மட்டும் இதே புரதம் சொட்டு மருந்தாகப் பயன்படுகிறது. அங்கே அது தேவையான இடத்தில் நேராக விழுகிறது. சதையியில் உள்ள இரத்தக்குழாய் செய்வதும் அதுதான்: இந்த இடத்தில், இந்த நேரத்தில், சீனி ஏறும்போது மட்டும், ஒரு துளி. அப்படிக் கொடுக்கும் வழி இன்னும் எந்த வைத்தியரிடமும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. துருசு வாயைத் துப்புரவாக்குவது குளத்தில் தண்ணீர் நிற்கும் வரைக்கும்தான் உதவும். இரத்தத்தில் சீனி மாதக்கணக்காக உயர்ந்து நின்றால் அந்தச் சீனியே பீட்டாக் கலங்களை நஞ்சூட்டுகிறது. களைத்துப்போன கலங்கள் மணிகளைச் செய்வதையே குறைத்துவிடுகின்றன. ஆறுதலான செய்தி என்னவென்றால், இன்சுலின் கொடுத்துச் சீனியை இறக்கும்போது அந்தக் கலங்களில் ஒரு பகுதி தேறி மறுபடி வேலை செய்யத் தொடங்கும். சில மாதம் கழித்து ஊசியின் அளவைக் குறைத்தவர்களை, குளிசைக்கே திரும்பியவர்களைக்கூட நான் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று வாக்குத் தரமாட்டேன். ஆனால் சதையி மறுபடி சுரக்க வேண்டும் என்ற உங்கள் கணவரின் ஆசைக்கு மிக அருகில் நிற்கும் மருந்து அவர் பயந்து ஒதுக்கிய அந்த ஊசிதான்.

இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்ற எண்ணம் எங்கள் ஊர்களில் ஆழமாக வேரோடியிருக்கிறது. முன்பு பிந்திப் பிந்தித் தொடங்கியதால் ஊசியையும் சாவையும் சனம் ஒன்றாகப் பார்த்தது. இப்போது நாங்கள் முந்தியே தொடங்குகிறோம். அரச வைத்தியசாலையில் அது இலவசம். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றாலும் சமாளிக்கலாம். பெரிய மண்முட்டிக்குள் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்ன முட்டி வைத்து, பொலித்தீனில் சுற்றிய குப்பியை அதற்குள் வைத்து ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். இடம்பெயர்ந்து திரிந்த நாள்களில் அம்மாமார் தறப்பாள் கொட்டிலுக்குள் இப்படித்தான் இன்சுலினைக் காத்தார்கள். திறந்த குப்பியை நான்கு கிழமைக்கு மேல் பாவிக்க வேண்டாம். ஊசி போட்டால் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. வயலுக்குப் போகும்போது இடுப்பில் ஒரு சீனிப் பொட்டலம் இருக்கட்டும். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, தலை கிறுகிறுத்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் உட்கார்ந்து, பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும்.

பாதத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. போன மாரியில் ஒரு வயல்காரர் என் கதிரைக்கு முன்னால் வந்து இருந்தார். மருந்துத் துண்டுக்காக வந்தவர். தாதி அவருடைய செருப்பைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு இலந்தை முள் முறிந்து நின்றது. சுற்றியிருந்த தோல் ஊறி வெளுத்திருந்தது, அமுக்கினால் சீழ் வந்தது. எப்போது குத்தியது என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்து, “எது, ஐயா?” என்று கேட்டார். நான்கு நாளாக அந்த முள்ளின் மேல் நடந்திருக்கிறார். ஏற்கெனவே எத்தனையோ கால்களை இழந்த ஊர்கள் எங்களுடையவை. தடுக்கக்கூடிய காரணத்தால் இன்னொரு கால் போவதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

ஆகவே இரவில் படுக்கும் முன் நீங்கள் அவருடைய பாதங்களை வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கு, குதிக்கால், நகத்தின் ஓரம் என்று எதையும் விடாதீர்கள். வீட்டு முற்றத்திலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சுடுநீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். சிறு கொப்புளம் வந்தாலும் கைவைத்தியம் செய்யாமல் காட்டுங்கள். கிளினிக்கில் நைலோன் நூலால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு, அதைக் கேட்டுச் செய்வியுங்கள். எரிவுக்கு இரவில் எடுக்கும் குளிசைகளும் உண்டு. சகித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை.

வைற்றமின் பி12 பற்றியும் கட்டாயம் கேளுங்கள். மெற்போமின் நல்ல மருந்து. ஆனால் வருடக்கணக்காக எடுக்கும் சிலருக்கு உடம்பில் பி12 குறையும். அந்தக் குறைவே காலை மரக்கச் செய்யும், எரிய வைக்கும். அது நீரிழிவு நரம்பு நோய் போலவே தோன்றும், ஆனால் பி12 கொடுத்தால் திருந்தக்கூடியது. மீன், முட்டை, இறைச்சி, பால் குறைவாகச் சாப்பிடுகிறவர் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். இந்த மூன்று கிழமையில் கால் எரிவு சற்றுக் குறைந்ததாக உங்கள் கணவர் சொல்லியிருந்தால், போத்தலில் உள்ள பி12 ஒரு காரணமாக இருக்கலாம். அதனால்தான் போத்தலையும் கொண்டுபோகச் சொன்னேன். பரிசோதித்துக் குறைவு தெரிந்தால் அளவு பார்த்துத் தருவார்கள். அதற்காக மெற்போமினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தம்பியிடம் கோபமாகப் பேச வேண்டியதில்லை. அக்கா வீட்டு நோயைக் கேட்டதும் கையில் இருந்ததைச் செலவழித்தவன். அவனுக்கு இதைச் சொல்லுங்கள்: இன்சுலினை உலகத்துக்குத் தந்ததே அவன் இருக்கும் ரொறன்ரோதான். 1921இல் அங்கேதான் பாண்டிங்கும் பெஸ்டும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் அங்குள்ள வைத்தியசாலையில், எலும்பும் தோலுமாகக் கிடந்த லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதுவரை, உடம்பில் இன்சுலினே சுரக்காமல் போகும் முதலாம் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளுக்கு மரணம் மட்டும்தான் முடிவாக இருந்தது.

அடுத்த முறை பொதி அனுப்பும்போது கப்சூலுக்குப் பதிலாகச் சீனி பார்க்கும் சிறு கருவி ஒன்றும் அதற்கான பட்டிகளும் அனுப்பச் சொல்லுங்கள். எங்களிடம் பட்டிதான் விலை. ஊசி தொடங்கிய முதல் மாதங்களில் அவைதான் அளவைக் கூட்டவும் குறைக்கவும் எங்களுக்கு வழிகாட்டும். முன்பக்கம் மூடிய, உள்ளே மெத்தென்ற சப்பாத்து ஒரு சோடியும் அனுப்பட்டும். அளவுக்கு உங்கள் கணவரை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு கடதாசியில் நிற்கவைத்துப் பென்சிலால் இரண்டு பாதத்தையும் சுற்றிக் கீறி, படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிடுங்கள்.